ஒரு வரிக் கல்

ஆடி பிறக்க ஒரே ஒரு நாள் இருந்தது. அந்த நாளை விட்டால் மாசம் முழுக்கப் புது வேலையில் கை வைக்க முடியாது என்பதால், திருமூர்த்தி விடிந்ததும் விடியாததுமாக நாலு ஆட்களோடும் இரண்டு கடப்பாரையோடும் வந்து இறங்கிவிட்டான். மண்ணரை ஊரில் இதற்காக யாரும் அவனைக் குறை சொல்லவில்லை. ஆடியில் கடைக்கால் எடுத்து உருப்பட்டவன் யார் இருக்கிறான்?

மயிலாத்தாள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்கக்கா, மாமன் எந்திரிச்சுட்டாருங்களா? போறதுன்னா இப்பவே ஒருக்காப் போயிட்டு வந்தரச் சொல்லுங்க. அப்பற கக்கூஸை இடிச்சுப்போடுவோம்."

"இன்னைக்கேவா? மணலு, சிமிட்டி ஒண்ணுமே எறங்கலயேப்பா."

"அதெல்லாம் கெடக்குதுங்க. நாளைக்கு விடிஞ்சா ஆடி. இன்னைக்குப் பழசை இடிச்சுப்போட்டுப் புதுசுக்கு ஒரு வரி கல்லு வெச்சுட்டமுன்னா, அப்பற ஆடில பண்றது புது வேலை ஆகாதுங்க. நடந்துட்டிருக்கற வேலை. சாமி கேட்டாலும் பதில் சொல்லிக்கலாம்."

சாமியை ஏய்க்க மனுசன் கண்டுபிடித்த வழிகள் எத்தனையோ. அதில் இது ஒன்று. மயிலாத்தாளுக்கும் அது சரியென்றுதான் பட்டது. உள்ளே போய்ப் புருசனை எழுப்பினாள்.

கன்னையன் இருபத்திரண்டு வருசம் சாயப்பட்டறையில் நின்றவர். இரண்டு வருசத்துக்கு முன்னால் பட்டறையின் ஈரத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. தகடு வைத்தும் இடது கால் மடங்கவில்லை. குந்தி உட்கார முடியாத மனுசனுக்கு வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் இருந்த பழைய கக்கூஸால் எந்தப் பிரயோசனமும் இல்லை. மயிலாத்தாள்தான் ஒரு மரநாற்காலியின் நடுவில் ஓட்டை போட்டு அதன்மேல் வைத்தாள். வீட்டின் பின்கதவிலிருந்து கக்கூஸின் தகரக் கதவு வரைக்கும் இருபது எட்டு. தடியை ஊன்றிக்கொண்டு அவரே போவார், அவரே வருவார். சோற்றைப் பிசைந்து ஊட்டினால்கூட வாயைத் திறந்துவிடுவார். அங்கே போகும்போது மட்டும் பெண்டாட்டி கைபிடித்தாலும் கோபம் பொத்துக்கொண்டு வரும். பட்டறையில் பத்து ஆளை மேய்த்த மனுசனுக்கு மிச்சமிருந்த மானமெல்லாம் அந்த இருபது எட்டில்தான் இருந்தது.

போன ஐப்பசி மழையில் அந்தச் சுவர் சாய்ந்துவிட்டது. பாசி பிடித்த தரையில் இரண்டு தடவை வழுக்கி விழப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் பின்சுவரை ஒட்டி, வீட்டுக் கூரையின் கீழேயே, வெஸ்டர்ன் உட்காருமிடமும் பிடித்துக்கொள்ளக் கம்பியுமாக ஒரு பாத்ரூம் கட்டுவது என்று முடிவானது. இடம் குறுகல். பழையதை இடித்து அதன் குழியைத் தூர்த்தால்தான் புதுத் தொட்டி தோண்ட முடியும்.

வேலைக்கு யாரைக் கூப்பிடுவது என்ற பேச்சே எழவில்லை. மயிலாத்தாளுக்குக் கூடப்பிறந்த ஆண் கிடையாது. சித்தப்பா மகன் திருமூர்த்திதான் அண்ணன் தம்பி எல்லாம். அவளுடைய ஒரே மகள் கலாமணிக்குத் தையில் கல்யாணம் பேசியிருந்தது. தாய்மாமனாக மணையருகில் நின்று சீர் செய்யப்போகிறவன் அவன். கொத்தனாராக இருந்து இப்போது டிவிஎஸ் ஐம்பதில் போய்வரும் கண்டிராக்டர். அவனை விட்டுவிட்டு வெளியாளைக் கூப்பிட்டால் சொந்தபந்தம், ஒறம்பரையில் தலைகாட்ட முடியுமா?

பத்து மணிக்குள் பழையது மண்ணாகிவிட்டது. பின்கதவருகே கட்டிலைப் போட்டு உட்கார்ந்து கன்னையன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கப்பன் வெச்ச செவுரு. ரெண்டு குத்துக்கு நிக்கல பாத்தியா புள்ள."

"நீங்க ஒரு பத்து நாள் பொறுத்துக்கோங்க மாமா," என்றான் திருமூர்த்தி. "பதினொண்ணாம் நாள் மகராசனாட்ட உக்காந்துக்கலாம். தண்ணி எடுத்து ஊத்தற வேலைகூட இல்லீங்க. கொழாயத் திருகுனாப் போதும்."

நூல் பிடித்து, எலுமிச்சம்பழம் நறுக்கி, கற்பூரம் காட்டி, ஒரு வரி செங்கல் வைத்தார்கள். மத்தியானம் மயிலாத்தாள் அரிசிம்பருப்பு சாதம் ஆக்கிப் போட்டாள். எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். திருமூர்த்தி அக்காவிடம் இன்னொரு கரண்டி நெய் கேட்டு வாங்கினான். வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனவன்தான்.

பத்து நாளைக்குத் தாங்க ஒரு ஏற்பாடு வேண்டியிருந்தது. ஒரு குழி தோண்டி, அதன்மேல் ஓட்டை நாற்காலியை வைத்து, நாலு மூங்கில் நட்டுச் சுற்றித் துணி கட்டினாள் மயிலாத்தாள். துணிக்கா பஞ்சம்? பின்னாலேயே மூணு மாடி பனியன் கம்பெனி. முன்னே சோளக்காடாக இருந்த இடம் அது. இப்போது மாடிக்கு எட்டு சன்னல், எல்லாம் இவர்கள் பொடக்காலியைப் பார்த்தபடி. கலாமணி அங்கேதான் இரண்டாம் மாடியில் செக்கிங்கில் இருந்தாள். கழித்துப்போட்ட துணி என்று ஒரு மூட்டை வாங்கி வந்தாள். மஞ்சள் துணியில் ஏதோ சீமை எழுத்தும் சிரிக்கிற கரடியும் அச்சடித்திருந்தது. கரடிகளுக்கு நடுவில் உட்காரவேண்டி வந்ததை நினைத்துக் கன்னையனே முதல் நாள் சிரித்துவிட்டார்.

ஆடி ஒன்று போயிற்று. இரண்டு, மூன்று போயிற்று. ஒருவனும் வரவில்லை. ஐந்தாம் நாள் மயிலாத்தாள் பனியன் மடிக்கும் கைமடி வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, பஸ் ஏறி நெருப்பெரிச்சல் ஊருக்குப் போனாள். அங்கே ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் திருமூர்த்தி முப்பது ஆட்களோடு நின்றான். வேர்த்து ஊற்றியது அவனுக்கு.

"அக்கா! நீங்க ஏனுங்க இத்தனை தூரம்? சொல்லியனுப்புனா நானே வந்திருப்பனே."

"யாருகிட்டச் சொல்லியனுப்பறது சாமி? மாமன் படற பாடு உனக்குத் தெரியாதா?"

"தெரியுதுங்க. என்ன பண்ணச் சொல்றீங்க? திடுதிப்புன்னு வந்துருச்சு. இங்க சீமையிலிருந்து துணி வாங்கறவன் வர்றானாம். அவன் வந்து கக்கூஸ் எப்படி இருக்குதுன்னு பாத்துட்டுத்தான் ஆர்டரே குடுப்பானாம். எட்டு பாத்ரூம், அத்தனையும் வெஸ்டர்ன். அவங்களுக்கு ஏதுங்க ஆடி? மாசம் முடியறதுக்குள்ள வேணுங்கறாங்க."

"அவன் எத்தனை நாளைக்கு இருப்பான்?"

"அரை நாள்னு சொல்றாங்க."

மயிலாத்தாள் அந்த எட்டு அறையையும் எட்டிப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று எட்டு உட்காருமிடம், அட்டைப்பெட்டியைப் பாதி பிரித்தபடி வரிசையாக இருந்தது.

"இதுல ஒண்ணு மாமனுக்கு வெச்சுட்டு வந்து மிச்சத்தைப் பாக்கக் கூடாதா கண்ணு?"

"நாளன்னைக்கு ரெண்டு ஆளு அனுப்பறனுங்க. என்ற பேச்ச நம்பிப் போங்க."

நாளன்னைக்கு வந்தது. ஆள் வரவில்லை.

பக்கத்து வீதியில் சேக் தாவூது என்று ஒரு கொத்தனார் இருந்தார். கை சுத்தமான வேலைக்காரர் என்று பேர். மயிலாத்தாள் கூப்பிட்டதும் வந்தார். பொடக்காலியில் நின்று, அந்த ஒரு வரிக் கல்லைக் கொஞ்சநேரம் பார்த்தார். குனிந்து ஒரு கல்லை விரலால் தட்டினார்.

"இது யாரு வெச்ச கல்லுங்கம்மா?"

"என்ற தம்பிங்க. திருமூர்த்தின்னு."

"தெரியுமுங்க. நல்ல வேலைக்காரரு." அவர் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார். "தப்பா நெனைக்காதீங்க. ஒருத்தரு கல்லு வெச்சுட்டுப் போன வேலைல இன்னொருத்தரு கை வெக்கறது எங்க தொழில்ல இல்லீங்க. நாளைக்கு அவரும் நானும் ஒரே டீக்கடையில நிக்கோணும்."

"அந்த ஒரு வரியப் பேத்து எறிஞ்சர்றனுங்க. புதுசா வெச்சுக்கோங்க."

"அது இன்னும் மோசமுங்க. அவரு வந்து 'நான் விட்டுட்டேன், நீங்க பாருங்க பாய்'னு ஒரே ஒரு வார்த்தை சொல்லட்டும். மறுநாள் காலைல நான் இங்க நிப்பேன். ஆறு நாள்ல முடிச்சுக் குடுத்தர்றேன்."

கட்டிலில் உட்கார்ந்திருந்த கன்னையனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு அவர் போனார். ஒரு வார்த்தைதான். மயிலாத்தாளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மறுநாளே மறுபடி நெருப்பெரிச்சலுக்குப் போனாள்.

"நீ ஒண்ணும் வரவேண்டாம் கண்ணு. உனக்குச் சோலி இருக்குது, நான் குத்தம் சொல்லல. தாவூது பாய்கிட்ட 'நான் விட்டுட்டேன்'னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லிப்போடு."

திருமூர்த்தியின் முகம் செத்துவிட்டது. ஆட்கள் காதில் விழும் என்றுகூடப் பார்க்காமல் கத்தினான்.

"என்னங்கக்கா பேசறீங்க? கூடப்பொறந்தவளாட்ட நெனைச்சு நான் ஓடியாந்து இடிச்சுக் குடுத்தனே, அதுக்கு இதா? நான் விட்டுட்டேன்னு ஊருக்குள்ள சொல்லோணுமா? அப்பத் தையில சீர் செய்யறதுக்கும் அந்தப் பாயையே நிக்கச் சொல்லிக்கோங்க!"

அங்கேதான் மயிலாத்தாள் தோற்றாள். அவன் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கவேண்டும். 'சீரும் வேண்டாம் மயிரும் வேண்டாம், வார்த்தையைச் சொல்லு' என்று கேட்டிருக்கவேண்டும். பின்னால் எத்தனையோ நாள் அப்படிக் கேட்டதாக மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள். அன்றைக்கு என்னவோ மணையில் தாய்மாமன் இல்லாமல் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் கலாமணிதான் கண்ணில் வந்து நின்றாள்.

"கோவிச்சுக்காதே சாமி. ஏதோ மொடைக்குக் கேட்டுப்போட்டேன்."

"நாளைக்கே வர்றேனுங்க," என்றான் அவன். குரல் இறங்கியிருந்தது. சொல்லும்போது நிசமாகவே வருவதாகத்தான் இருந்தான் போலிருக்கிறது.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். கரடித் துணி எம்மாத்திரம்? பன்னிரண்டாம் நாள் மத்தியானம் மயிலாத்தாளும் கலாமணியும் வேலைக்குப் போயிருந்தார்கள். கன்னையன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, முடியாமல் தடியை ஊன்றிக்கொண்டு போய் உட்கார்ந்தார். ஒரே வீச்சு. இரண்டு மூங்கில் சாய்ந்து, துணி முச்சூடும் பிய்த்துக்கொண்டு போய் வேலியில் விழுந்தது. மூணு மாடி சன்னலுக்கும் எதிரே, பட்டப்பகலில், சட்டென்று எழுந்திருக்கவும் முடியாமல் அந்த மனுசன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் மயிலாத்தாள் வந்தபோது அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"சிரிச்சிருந்தாளுகன்னாக்கூட ரெண்டு வசவு வெஞ்சுபோட்டு வந்திருப்பேன் புள்ள. ஒருத்தியும் சிரிக்கல. ஒவ்வொரு சன்னலாச் சாத்திட்டாளுக."

அடுப்படியில் கலாமணி தேம்பினாள். அம்மா பக்கத்தில் வந்ததும் சொன்னாள்: "மொதச் சன்னல நாந்தாம்மா சாத்துனேன்."

மயிலாத்தாள் அன்றே துணியை இரட்டையாக மடித்துத் தைத்து, மூங்கிலுக்குக் கல் முட்டுக்கொடுத்துக் கட்டினாள். கன்னையன் அதைப் பார்க்கவே இல்லை. இருட்டின பிறகு ஒருதரம் போவதோடு சரி. அதுவும் வரவர ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனது. காலையில் அவள் வேலைக்குப் போகும்போது தட்டில் சோறும், ஒரு சொம்பு தண்ணீரும், ஒரு சொம்பு மோரும் கட்டிலருகே வைத்துவிட்டுப் போவாள். வந்து பார்த்தால் தட்டும் காலி, சொம்புகளும் காலி. வயிறாவது நன்றாக இருக்கிறதே என்று மாரியாத்தாளைக் கும்பிட்டுக்கொண்டாள். உடம்பு இளைத்ததையும் கால் கொஞ்சம் வீங்கினதையும் படுத்தே கிடப்பதால் என்று நினைத்தாள்.

ஆடி இருபத்தி நாலு, ஞாயிற்றுக்கிழமை. வீட்டைச் சுற்றிக் கூட்டிக்கொண்டே வந்தவள் கட்டிலுக்கு நேரான சன்னலுக்கு வெளியே நின்றுவிட்டாள். அந்த ஆடியில் ஒரு பொட்டு மழை இல்லை. பொடக்காலியெல்லாம் வறண்டு பாளம்பாளமாக வெடித்துக்கிடந்தது. சன்னலுக்குக் கீழே மட்டும் ஒரு முழ அகலத்துக்குத் தண்டங்கீரை தளதளவென்று முளைத்திருந்தது. மண் ஈரமாக இருந்தது. மேலே சுவரில் சன்னல் கட்டையிலிருந்து மோர் வழிந்த வெள்ளைக் கோடு. ஒன்றிரண்டு சோற்றுப் பருக்கைகளைக் கோழி கொத்திக்கொண்டிருந்தது.

விளக்குமாற்றைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

"ஏனுங்க, தண்ணி குடிக்கறதில்லீங்களா நீங்க?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எத்தனை நாளா? சொல்லுங்க! எத்தனை நாளா ஊத்தறீங்க?"

"குடிச்சாப் போகோணுமல்ல புள்ள," என்றார் கன்னையன். உதடு வெடித்துப் பேச்சு குழறியது. "திருமூர்த்தி வரட்டும். எல்லாஞ் சேத்து ஒட்டுக்காக் குடிச்சுக்கறேன்."

தொட்டுப் பார்த்தாள். உடம்பு அடுப்பாகக் கொதித்தது.

கோயமுத்தூர் பெரிய ஆசுபத்திரியில் இருபது நாள் கிடந்தார்கள். பாதி நாள் அவருக்கு நினைவே இல்லை. சின்ன வயசு டாக்டர் ஒருவர் மயிலாத்தாளையும் கலாமணியையும் வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார்.

"சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமா இருந்திருக்கும்மா. தண்ணி குடிக்காம, அடக்கி அடக்கி வச்சதுல கிருமி ஏறி ரெண்டும் போயிடுச்சு. டயாலிசிஸையும் உடம்பு தாங்கல. எங்களால ஆனதைப் பண்ணிட்டோம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. ஆனா ஒண்ணு. ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளர் தண்ணிக்கு மேல கூடாது. மாத்திரைக்குக் குடிக்கறது, மோரு, ரசம் எல்லாம் அதுக்குள்ளதான். கூடிப்போனா நுரையீரல்ல தண்ணி ஏறிடும். அப்புறம் எங்ககிட்டக் கொண்டுவரக்கூட நேரம் இருக்காது."

"முன்னாடி குடிக்காததுனால வந்துச்சுன்னீங்க. இப்பக் குடிச்சா ஆகாதுங்களா சாமி?" என்று கேட்டாள் மயிலாத்தாள்.

"ஆகாதும்மா," என்றார் டாக்டர். புருசனிடம் இதை எப்படிச் சொல்வது என்று மயிலாத்தாளுக்குத் தெரியவில்லை. ஆசுபத்திரியில் அவர் தண்ணீரே கேட்காததால் சொல்லாமலே விட்டாள்.

ஆவணி பதிமூணாம் தேதி காலையில் வாடகைக் காரில் மண்ணரைக்கு வந்து இறங்கினார்கள். வாசலில் திருமூர்த்தி நின்றான். தாடி வளர்ந்திருந்தது. ஓடிவந்து மாமனைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டான். அழுதான். நெருப்பெரிச்சல் வேலை முடிந்த மறுநாளே முப்பது ஆட்களையும் கொண்டுவந்து இறக்கி, ஒன்பது நாளில் முடித்திருக்கிறான். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது பொய்யில்லை. ஆடவேண்டிய நேரத்துக்கு ஆடியிருந்தால் எவ்வளவோ நன்றாயிருக்கும்.

"மொதல்ல அங்க கூட்டிட்டுப் போ," என்றார் கன்னையன்.

மயிலாத்தாள் பின்னாலேயே போனாள். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆளுயரத்துக்கு வெள்ளை ஓடு பதித்திருந்தது. வழுக்காத தரை. வீட்டுக்குள்ளிருந்தே ஆறு எட்டு. உட்காருமிடத்துக்கு இரண்டு பக்கமும் கைக்குத் தோதாக எவர்சில்வர் கம்பி. கதவுக்கு உள்தாழ்ப்பாள். மேலே ஒரே ஒரு சின்னச் சன்னல். அதற்கும் மேகம்போல மங்கலான கண்ணாடி போட்டிருந்தான். அந்த ஒரு வரிக் கல் எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. தரைக்குள் போய்விட்டது.

மூடியைக் கவிழ்த்து அதன்மேல் மாமனை உட்காரவைத்தான் திருமூர்த்தி. கன்னையன் இரண்டு கம்பியையும் பிடித்துப் பார்த்தார். ஆட்டிப் பார்த்தார். தன் பலத்தில் ஒரு விரற்கடை எழுந்து மறுபடி உட்கார்ந்தார். ஒரு மாசமாகப் பார்க்காத ஒரு களை முகத்தில் வந்தது.

"கெட்டியா வெச்சிருக்கிறடா மாப்ள."

"ஆனை தொங்குனாலும் அசையாதுங்க மாமா. இங்க பாருங்க." திருமூர்த்தி குழாயைத் திருகினான். தண்ணீர் வெள்ளைத் தரையில் கொட்டி, வளைந்து, குழிக்குள் போயிற்று. கன்னையன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டை நாக்கால் தடவிக்கொண்டார்.

"ஏன்புள்ள, எனக்கு ஒரு சொம்பு தண்ணி கொண்டா. நெறைய மோந்துட்டு வா."

கலாமணி சட்டென்று வெளியே போய்விட்டாள்.

"இருங்க மாமா, நான் கொண்டாறேன்," என்று திரும்பிய திருமூர்த்தியின் கையை மயிலாத்தாள் பிடித்து நிறுத்தினாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். ஆசுபத்திரியிலிருந்து கிளம்பும்போது போட்ட மாத்திரைக்கு ஒரு டம்ளரும், வழியில் விக்கலெடுத்தபோது முக்கால் டம்ளரும் கொடுத்தாயிற்று. மிச்சம் இருந்த கால் டம்ளர் ராத்திரி மாத்திரைக்கு.

"என்ன புள்ள நிக்கற? தண்ணி கேட்டனல்ல."

அவள் எதற்குத் தயங்குகிறாள் என்று அவராகவே ஒன்றை நினைத்துக்கொண்டார். கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பழைய கன்னையனாகச் சிரித்தார்.

"நீ ஒண்ணும் பயப்படாதே. உன்னையக் கைபிடிக்கச் சொல்ல மாட்டேன். இனி நானே போய்க்குவேன்."

மயிலாத்தாள் அவரைத் தாண்டிப் போய்க் குழாயை அடைத்தாள்.